திறப்பு விழாவுக்கு அப்புறம் போய்ப் பார்த்தீர்களா?

என் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வரும் மாணவர்களிடம் முதல் வாரமே ஒரு கேள்வி கேட்பேன். "நீ வரைந்த இந்த வீட்டில் துணி எங்கே காயும்?" பெரும்பாலும் பதில் வராது. வரைபடத்தில் மரம் இருக்கும். மரத்தடியில் ஒரு பெண் புத்தகம் படித்துக்கொண்டிருப்பாள். துணிக்கொடி மட்டும் இருக்காது. மாவு கிரைண்டர், இன்வெர்ட்டர், ஏ.சி.யின் வெளிப்பெட்டி, வாசலில் கழற்றும் செருப்பு, இவை எதற்கும் இடம் இருக்காது. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். பரிசு வாங்கிய கட்டடங்களின் படங்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள் அவர்கள். அந்தப் படங்களில் துணிக்கொடியைப் பார்க்க முடியாது. நானும் அப்படி வளர்ந்தவன்தான்.

கட்டட வடிவமைப்பில் இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. தொழில் தொடங்கிய ஆறாவது வருடம் மதுரைக்குப் பக்கத்தில் ஒரு வீடு கட்டினேன். மேற்கே வயல், அதற்கு அப்பால் மலை. அந்தக் காட்சிக்காக ஹாலின் மேற்குச் சுவர் முழுவதையும் கண்ணாடியாக்கினேன். வெளியே எந்தத் தடுப்பும் வைக்கவில்லை. வைத்தால் முகப்பின் கோடு கெட்டுவிடும் என்று பட்டது. குடும்பம் குடிவருவதற்கு முன், ஒரு ஜனவரிக் காலையில், வாடகைக்கு எடுத்த நாற்காலிகளைப் போட்டுப் படம் எடுத்தோம். அந்தப் படங்கள் மாநில அளவில் ஒரு பரிசு வாங்கித் தந்தன.

அடுத்த மே மாதம் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். கண்ணாடிக்கு வெளியே தென்னந்தட்டி கட்டியிருந்தார்கள். தட்டி எட்டாத இடத்தில் பழைய புடவை. வீட்டு அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. மூணு மணிக்கு மேல ஹால்ல உட்கார முடியல. ராத்திரியும் சூடு இறங்க மாட்டேங்குது. நாங்க எல்லாரும் பின்னாடி ஸ்டோர் ரூம்லதான் படுத்துக்கிறோம்." பரிசு பற்றிய செய்தித்தாள் துண்டை ஃபிரேம் போட்டு அதே ஹாலில் மாட்டியிருந்தார்கள். அதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

மேற்கு வெயில் சாய்வாக உள்ளே வரும். மேலே நீட்டிய சன்ஷேடு மட்டும் அதைத் தடுக்காது. செங்குத்தான தடுப்போ, தாழ்வாரமோ, மரமோ வேண்டும். கல்லூரியின் முதல் வருடப் பாடம் இது. தெரியாமல் செய்த தப்பு என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது. அந்தச் சுவரை வரையும்போது என் கண்முன்னால் நடுவர் குழு உட்கார்ந்திருந்தது. அந்த அம்மா இல்லை. பின்னால் என் செலவிலேயே வெளியே இரண்டடி தள்ளி ஒரு செங்கல் ஜாலிச் சுவர், அதாவது காற்றுக்குத் துளைகள் விட்ட சுவர், எழுப்பிக் கொடுத்தேன். மலை பாதி மறைந்தது. குடும்பம் ஹாலுக்குத் திரும்பி வந்தது.

பரிசுகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு பரிசு இளம் கலைஞருக்குக் கதவுகளைத் திறந்துவிடுகிறது. அது எனக்கும் நடந்தது. ஆனால் பரிசுக்கு அனுப்பும்போது நம்மிடம் என்ன கேட்கிறார்கள் என்று ஒருமுறை கவனியுங்கள். சில படங்கள், வரைபடத் தாள்கள், ஒரு பக்கக் கருத்துரை. மழைக்குப் பின் எங்கே ஒழுகியது, கரண்ட் பில் எவ்வளவு வருகிறது, அந்த உயரத்து ஜன்னலை யார் எப்படித் துடைக்கிறார்கள் என்று நான் அனுப்பிய எந்தப் படிவமும் கேட்டதில்லை. கேட்காத ஒன்றுக்காக நாம் உழைக்க மாட்டோம். எதைப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்களோ அதை நோக்கிக் கை தானாகப் போகும். சன்ஷேடு மெலியும், மழைநீர்க் குழாய் சுவருக்குள் ஒளிந்துகொள்ளும். அது அடைத்துக்கொண்டால் சுவரை உடைக்க வேண்டியது அந்த வீட்டுக்காரர்தான்.

வேறு மாதிரியும் ஒரு பரிசை நடத்த முடியும். ஆகா கான் கட்டடக்கலை விருது 1977-ல் தொடங்கியது, மூன்று வருடத்துக்கு ஒருமுறை தருகிறார்கள். கட்டடம் குறைந்தது ஒரு வருடமாவது புழக்கத்தில் இருந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கடைசிச் சுற்றுக்கு வந்தவற்றை நிபுணர்கள் நேரில் போய்ப் பார்த்து, அங்கே இருப்பவர்களிடம் பேசுகிறார்கள். பரிசில் கட்டியவர்களுக்கும் கைவினைஞர்களுக்கும்கூடப் பங்கு உண்டு. என் மேற்குச் சுவரை அப்படி ஒருவர் மே மாத மூன்று மணிக்கு வந்து பார்த்திருந்தால் பரிசு கிடைத்திருக்காது. சரியான முடிவாக இருந்திருக்கும்.

கட்டடக் கலைஞர் லாரி பேக்கரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் பிறந்து, இமயமலைப் பகுதியில் பல வருடம் வேலை செய்து, பின் திருவனந்தபுரத்தில் குடியேறியவர். பத்மஸ்ரீ கிடைத்தது 1990-ல். அப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அதற்குள் அவருடைய உண்மையான வேலை பெரும்பகுதி முடிந்திருந்தது. அதே ஊரின் தம்பானூரில் அவர் வடிவமைத்த இந்தியன் காபி ஹவுஸில் அந்தச் சுழல் சரிவில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டவர்கள் பலர் இருப்பீர்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்துவாக்கில் நிறுத்தி, நடுவில் இடைவெளி விட்டுக் கட்டும் முறை. சுவரின் கனம் அதே ஒன்பது அங்குலம். செங்கல் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம். நடுவில் நிற்கும் காற்று வெயிலைத் தடுக்கிறது. கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் கம்பிகளுக்கு இடையே உள்ள கான்கிரீட் பெரிதாகப் பாரம் தாங்குவதில்லை என்பதால், அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓடுகளை வைத்து வார்க்கும் முறையையும் அவர் பரவலாக்கினார். சிமெண்டும் குறையும், தளமும் லேசாகும். இதையெல்லாம் தன் கையாலேயே படம் வரைந்து, சாதாரண ஆளுக்கும் கொத்தனாருக்கும் புரியும்படி சிறு கையேடுகளாக வெளியிட்டார். அவர் இறந்தது 2007-ல். எங்கள் பக்கத்துக் கொத்தனார்கள் சிலருக்கு அவர் பெயர் தெரியாது, அந்தக் கட்டு தெரியும். ஒரு படைப்பாளிக்கு இதைவிட என்ன வேண்டும்?

இன்னொரு கட்டடக் கலைஞர் பிரான்சிஸ் கேரே. புர்கினா ஃபாசோ நாட்டில் காண்டோ என்ற கிராமத்தில் பிறந்தவர். பெர்லினில் மாணவராக இருக்கும்போதே பணம் திரட்டி, தன் ஊருக்கு ஒரு தொடக்கப் பள்ளி கட்டினார். ஊர்க்காரர்களே கட்டிய அது 2001-ல் முடிந்தது. சுவர் களிமண் செங்கல். தகரக் கூரையை வகுப்பறையின் மேலேயே போடாமல், உயரத் தூக்கி நிறுத்தியிருக்கிறார். கீழே செங்கல் கூரையின் இடுக்குகள் வழியே சூடான காற்று மேலேறி வெளியே போய்விடும். நம் ஊரில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே ஏப்ரல் மாதம் பரீட்சை எழுதியவர்களுக்கு அதன் அருமை உடனே புரியும். 2004-ல் ஆகா கான் விருது வந்தது. 2022-ல், கட்டடக்கலையின் மிகப் பெரிய கௌரவமாகக் கருதப்படும் பிரிட்ஸ்கர் பரிசு. ஆப்பிரிக்காவிலிருந்து பிரிட்ஸ்கர் பெற்ற முதல் ஆள் அவர்தான். அந்தப் பள்ளி முடிந்து இருபத்தோரு வருடம். இடைப்பட்ட வருடங்களில் அந்த வகுப்பறையில் உட்கார்ந்த பிள்ளைகளுக்குப் பரிசு எப்போது வரும் என்ற கவலை இருந்திருக்காது.

அங்கீகாரம் எவ்வளவு கோணலாக வந்து சேரும் என்பதற்கு டெனிஸ் ஸ்காட் பிரவுனைச் சொல்லலாம். அவரும் கட்டடக் கலைஞர், கணவர் ராபர்ட் வெஞ்சூரியோடு சேர்ந்தே வேலை செய்தவர். 1991-ல் பிரிட்ஸ்கர் பரிசை வெஞ்சூரிக்கு மட்டும் கொடுத்தார்கள். 2013-ல் ஹார்வர்ட் மாணவிகள் கையெழுத்து இயக்கம் நடத்தியும் மாறவில்லை. அவருடைய வேலையின் மதிப்பு இதனால் இம்மியும் குறைந்துவிடவில்லை. அப்படிப்பட்டவருக்கே இந்த நிலை என்றால், தன் மதிப்பை அளக்கும் கோலை ஒரு நடுவர் குழுவின் கையில் முழுதாகக் கொடுக்கலாமா என்று நாம் யோசிக்க வேண்டும்.

இளம் கலைஞர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு. வடிவமைப்பு, புகைப்படம், எழுத்து எதுவானாலும், "இந்த வருடத்தின் சிறந்த படைப்பாளியாக உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்" என்று போன் வரும். அப்புறம் பதிவுக் கட்டணம், கேடயத்துக்குக் கட்டணம், விழாவில் ஒரு மேசைக்குக் கட்டணம். எனக்கும் இப்படி வந்திருக்கிறது. என் கட்டடம் எதையாவது பார்த்தீர்களா என்று கேட்டேன். அந்தப் பக்கம் பேச்சு நின்றுபோனது. வேலையைப் பார்க்காமல் பணத்தைக் கேட்பவர் தருவது பரிசு ஆகாது. கடன் வாங்கி இந்தக் கேடயங்களை வாங்கிய ஒரு தம்பியை எனக்குத் தெரியும். தயவுசெய்து அந்தப் பணத்தில் உங்கள் பழைய கட்டடங்களுக்குப் பஸ் ஏறிப் போய் வாருங்கள்.

அப்படிப் போவதைத்தான் நான் வழக்கமாக வைத்திருக்கிறேன். முதல் மழைக்கு அப்புறம் ஒருமுறை, முதல் கோடைக்கு ஒருமுறை, ஐந்து வருடம் கழித்து ஒருமுறை. கையில் கேமரா கிடையாது, ஒரு நோட்டு மட்டும். எந்த அறையில் ஆள் புழக்கமே இல்லை, எதை மறைத்து எதைத் தொங்கவிட்டிருக்கிறார்கள், எங்கே சுவர் அழுக்கேறியிருக்கிறது என்று பார்ப்பேன். முதலாளியிடம் பேசுவதற்கு முன் பெருக்கித் துடைப்பவரிடம் பேசுவேன். முகப்பை யார் வேண்டுமானாலும் பாராட்டுவார்கள். எந்த மூலையில் தண்ணீர் தேங்குகிறது என்று அவருக்குத்தான் தெரியும். சில நாள் மனசு கனத்துத்தான் திரும்பி வருவேன். ஆனாலும் என் அடுத்த வரைபடத்தைத் திருத்தியவை இந்த நோட்டுகள்தான்.

சில வருடம் முன்பு ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்ட வேண்டும் என்று தலைமை ஆசிரியை கேட்டார். சின்ன வேலை, எந்தப் பத்திரிகையிலும் வராது. "பிள்ளைங்க காலையிலேர்ந்து தண்ணியே குடிக்காம இருக்குதுங்க சார், குடிச்சா போகணுமேன்னு" என்றார் அவர். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் வரைந்தேன். உள்ளே நுழைவது மைதானத்திலிருந்து தெரியாதபடி குறுக்கே ஒரு மறைப்புச் சுவர். கண் மட்டத்துக்கு மேலே ஜன்னல். துப்பட்டா மாட்ட ஒரு கொக்கி, நாப்கின் வைக்க ஒரு திண்டு, ஒவ்வொரு அறைக்குள்ளும் மூடி போட்ட குப்பைக்கூடை, உள்ளேயே ஒரு குழாய்.

ஒரு வருடம் கழித்துப் போனேன். இரண்டு கதவுகளில் தாழ்ப்பாள் உடைந்திருந்தது. நான் எழுதிக் கொடுத்தது பிள்ளைகளின் வேகத்துக்குத் தாங்காத சின்னத் தாழ்ப்பாள். தாழ்ப்பாள் இல்லாத அறைக்கு யாரும் போவதில்லை, ஆக நான்கில் இரண்டு அறைதான் பயன்பட்டது. அன்றைக்கே கனமானதாக வாங்கி மாட்டினோம். அப்புறம் ஆசிரியை வகுப்பறை ஜன்னல் திண்டைக் காட்டினார். வரிசையாகத் தண்ணீர் பாட்டில்கள். "இப்ப மத்தியானத்துக்குள்ள காலி பண்ணிட்டு மறுபடி பிடிக்கப் போகுதுங்க" என்றார். அவற்றில் பாதி காலியாக இருந்தன.

அதைக் கட்டிய கொத்தனார் என்னிடம் கேட்காமலேயே பக்கத்து ஊர்களில் இன்னும் இரண்டு கட்டிவிட்டார். போன மாதம் அதில் ஒன்றைப் பார்த்தேன். மறைப்புச் சுவர், ஜன்னல், திண்டு எல்லாம் அப்படியே இருந்தன. கொக்கியை மட்டும் அரையடி கீழே இறக்கியிருந்தார். ஏன் என்று கேட்டேன். "முதல்ல கட்டினதுல ஆறாங்கிளாஸ் பிள்ளைங்க எட்டாம குதிச்சுக்கிட்டு இருந்துச்சுங்க சார், பார்த்தேன்" என்றார். வீட்டுக்கு வந்ததும் என் வரைபடத்தை எடுத்து, கொக்கியின் உயரத்தைத் திருத்திவைத்தேன்.