பிடிஎஃப்: திரையில் தெரிவதும் ஃபைலில் இருப்பதும்

ஜூன் பிறந்துவிட்டால் எங்களைப் போன்ற வரி ஆலோசனை ஆபீஸ்களில் பாதி வேலை பிடிஎஃப் திறப்பதுதான். ஃபார்ம் 16, பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரித்துறை தரும் வருடாந்திர வரவு விவர அறிக்கையான ஏஐஎஸ், ஆதார், பான், வீட்டுக்கடன் வட்டி சர்டிபிகேட், வாடகை ஒப்பந்தம் என்று எல்லாம் வாட்ஸ்அப்பிலும் மெயிலிலும் வந்து குவியும். இவ்வளவு திறந்தும் பிடிஎஃப்பைத் திறந்து காட்டும் ரீடர் மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. எக்செலுக்கு க்ளாஸ் போகிறார்கள், டாலிக்குப் போகிறார்கள், பிடிஎஃப்புக்கு யார் போவது, டபுள் கிளிக் செய்தால் திறக்கிறது, அவ்வளவுதானே என்று விட்டுவிடுகிறார்கள். நான் பார்க்கும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே நம்பிக்கையிலிருந்து வருகின்றன: திரையில் தெரியும் பக்கமும் ஃபைலுக்குள் இருப்பதும் ஒன்றுதான் என்ற நம்பிக்கை.

மறைப்பதிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஒரு ஸ்டேட்மென்ட்டில் அக்கவுன்ட் நம்பரை மறைத்து அனுப்பச் சொன்னால், ஆபீஸில் பெரும்பாலானோர் செய்வது இதுதான்: ரீடரில் கமென்ட் கருவிகளைத் திறந்து, ஒரு செவ்வகம் வரைந்து, அதற்குக் கறுப்பு நிறம் கொடுத்து, சேவ் செய்து அனுப்பிவிடுவார்கள். திரையில் கறுப்பு, பிரின்ட்டிலும் கறுப்பு, மனசுக்கும் நிம்மதி. ஆனால் வாங்கியவர் அந்தச் செவ்வகத்தின் மேல் கிளிக் செய்து டெலீட் அழுத்தினால் அது போய்விடும், அடியில் நம்பர் அப்படியே இருக்கும். அதுகூட வேண்டாம், பக்கம் முழுவதையும் செலக்ட் செய்து காப்பி எடுத்து நோட்பேடில் ஒட்டினாலே போதும், மறைத்ததாக நினைத்ததெல்லாம் வந்து விழும். பிடிஎஃப் பக்கத்தில் எழுத்து தனிப் பொருள், அதன் மேல் வரைந்த பெட்டி தனிப் பொருள். பெட்டியைப் போட்டதால் எழுத்து அழியாது.

இது ஏதோ சின்ன ஆபீஸில் நடக்கும் கூத்து என்று நினைக்க வேண்டாம். 2019 ஜனவரியில் அமெரிக்காவில் டிரம்ப்பின் முன்னாள் பிரசார மேலாளர் பால் மேனஃபோர்ட்டின் வக்கீல்கள் கோர்ட்டில் தாக்கல் செய்த ஆவணத்தில் கறுப்படித்த வரிகளைப் பத்திரிகையாளர்கள் வெறும் காப்பி பேஸ்ட்டில் படித்துவிட்டார்கள். தேர்தல் கருத்துக்கணிப்பு விவரங்களை ரஷ்யத் தொடர்புள்ள ஒரு கூட்டாளிக்கு மேனஃபோர்ட் கொடுத்த விஷயம் அப்படித்தான் வெளியே வந்தது. 2021 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையம் அஸ்ட்ராஜெனகாவுடனான தடுப்பூசி ஒப்பந்தத்தைச் சில பகுதிகளை மறைத்து வெளியிட்டது. பக்கத்தில் ஒழுங்காகத்தான் மறைத்திருந்தார்கள், ஆனால் மறைத்த வரிகளில் சில ரீடரின் ஓரத்தில் வரும் புக்மார்க் பட்டியலில் தெரிந்தன. அவ்வளவு பெரிய இடத்திலேயே புக்மார்க்கை மறந்தார்கள் என்றால் நம் ஆபீஸில் யார் பார்க்கப் போகிறார்கள்?

பக்கத்தை க்ராப் செய்வதும் இதே கதைதான். க்ராப் செய்த பகுதி கண்ணுக்குத் தெரியாது, ஃபைலுக்குள் இருக்கும், அடுத்தவர் விரித்துப் பார்க்கலாம். மொபைலில் ஹைலைட்டர் பேனாவைக் கறுப்பாக்கித் தேய்ப்பவர்களும் இருக்கிறார்கள். அது முழுக் கறுப்பே இல்லை, வெளிச்சத்தைக் கூட்டினால் எழுத்து தெரிந்துவிடும். சரி, எப்படித்தான் மறைப்பது? அடோபியின் இலவச ரீடரில் நிஜமாக அழிக்கும் ரெடாக்ட் வசதி கிடையாது, காசு கொடுத்து வாங்கும் அக்ரோபாட் ப்ரோவில்தான் உண்டு. காசு வேண்டாம் என்றால் லிப்ரே ஆபீஸ் ட்ராவில் டூல்ஸ் மெனுவுக்குள் ரெடாக்ட் இருக்கிறது, அது பக்கத்தைப் படமாக மாற்றி வெளியே தருவதால் அடியில் எழுத்து மிஞ்சாது. இதெல்லாம் தலைவலி என்பவர்கள், பிரின்ட் எடுத்து மார்க்கரால் அடித்து அதை ஒரு ஜெராக்ஸ் எடுத்து அந்த ஜெராக்ஸை ஸ்கேன் செய்யுங்கள். பழைய முறைதான், ஆனால் ஏமாற்றாது. எந்த வழியில் செய்தாலும் அனுப்பும் முன் எல்லாவற்றையும் செலக்ட் செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள், புக்மார்க் பட்டியலையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

அடுத்தது டிஜிட்டல் கையெழுத்து. "தம்பி, இந்த ஆதார் டூப்ளிகேட்டா? கேள்விக்குறி போட்டிருக்குதே" என்ற போன் எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. இ-ஆதாரை அடோபி ரீடரில் திறந்தால் கையெழுத்து இடத்தில் மஞ்சள் கேள்விக்குறியும் 'வேலிடிட்டி அன்னோன்' என்ற வரியும் வரும். ஆதார் போலி என்று அதற்கு அர்த்தம் இல்லை, கையெழுத்திட்டவரை உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் ரீடருக்கு இன்னும் யாரும் அறிமுகப்படுத்தவில்லை, அவ்வளவுதான். இந்தியாவில் டிஜிட்டல் கையெழுத்துகள் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வருகின்றன, இவருக்கு அவர் சாட்சி என்று ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும் சர்டிபிகேட் சங்கிலியின் உச்சியில் இருப்பது சிசிஏ என்ற அரசு அமைப்பின் சர்டிபிகேட். கையெழுத்தைக் கிளிக் செய்து, சிக்னேச்சர் ப்ராப்பர்ட்டீஸ் போய், ஷோ சைனர்ஸ் சர்டிபிகேட் அழுத்தினால் இடப்பக்கம் அந்தச் சங்கிலி தெரியும். அதில் உச்சியில் 'சிசிஏ இந்தியா' என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்து, டிரஸ்ட் என்ற பக்கத்தில் 'ஆட் டு டிரஸ்டட் சர்டிபிகேட்ஸ்' கொடுத்து, வெளியே வந்து வேலிடேட் அழுத்தினால் பச்சை டிக் வந்துவிடும்.

இதுவரை யூடியூபில் எல்லோரும் சொல்கிறார்கள். சொல்லாமல் விடும் விஷயம் ஒன்று இருக்கிறது. யாருடைய சர்டிபிகேட்டைச் சேர்க்கிறோம் என்று பார்க்காமல் சேர்த்தால் எதற்கும் பச்சை டிக் வரும். அடோபி ரீடரிலேயே எவர் வேண்டுமானாலும் எந்தப் பெயரிலும் ஒரு டிஜிட்டல் ஐடி உருவாக்கிக் கையெழுத்துப் போடலாம். ஒரு பெரிய கம்பெனியின் பெயரில் போட்டு அனுப்பினாலும் முதலில் அதே கேள்விக்குறிதான் வரும், நீங்களும் வீடியோவில் பார்த்தபடி அதை நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்துவிட்டால் அதே பச்சை டிக். அதனால் சங்கிலியைப் பாருங்கள். மேலே சிசிஏ இந்தியா இல்லாமல் ஒற்றைப் பெயர் மட்டும் அநாதையாக நின்றால் கையை எடுத்துவிட்டு அனுப்பியவருக்குப் போன் போடுங்கள். வெளிநாட்டு நிறுவனங்களின் கையெழுத்துக்குச் சங்கிலி வேறாக இருக்கும், அது தனி விஷயம். இன்னொன்று, பக்கத்தின் மேல் தெரியும் டிக் வெறும் படமாகவும் இருக்கலாம். உண்மையான கையெழுத்து என்றால் ரீடரின் சிக்னேச்சர் பேனலில் அதற்கென்று ஒரு வரி இருக்கும், பேனலில் எதுவும் இல்லையென்றால் கையெழுத்தே இல்லை. க்ரோமில் திறந்தால் இந்தப் படம் மட்டும்தான் தெரியும், சரிபார்ப்பு எதுவும் நடக்காது. சம்பள ஸ்லிப், ஆஃபர் லெட்டர், இன்வாய்ஸ் என்று பணம் சம்பந்தப்பட்ட எதையும் ப்ரவுசரில் பார்த்துவிட்டு 'டிஜிட்டல் சைன் இருக்கிறது சார்' என்று சொல்லாதீர்கள்.

நல்ல கையெழுத்தை நாமே கொன்றுவிடுவதும் தினமும் நடக்கிறது. பாஸ்வேர்டு இல்லாமல் அனுப்பு என்று பேங்கில் கேட்பார்கள், நம் பையன் ஆதாரை ப்ரவுசரில் திறந்து, பிரின்ட் கொடுத்து, 'சேவ் ஆஸ் பிடிஎஃப்' போட்டு அனுப்பிவிடுவான். பார்க்க அச்சு அசல் அதேதான். ஆனால் அது புது ஃபைல், அதில் கையெழுத்து இல்லை, கையெழுத்தின் படம்தான் இருக்கிறது. மற்ற ஆவணங்களோடு சேர்த்து ஒரே பிடிஎஃப் ஆக்கினாலும் சைஸைக் குறைத்தாலும் பெரும்பாலும் இதே கதிதான். அசலை எங்கேயாவது தனி ஃபோல்டரில் தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள், வேலைக்கு வேறு காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்வேர்டு என்றதும் சொல்ல வேண்டும், இந்தப் பூட்டுகளை ரொம்பவும் நம்ப வேண்டாம். இ-ஆதாரின் பாஸ்வேர்டு பெயரின் முதல் 4 எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தில், கூடவே பிறந்த வருடம். வருமான வரித்துறையின் ஏஐஎஸ்ஸுக்கும், ரிட்டர்னைப் பார்த்துவிட்டு அத்துறை அனுப்பும் இன்டிமேஷனுக்கும் பான் நம்பர் சிறிய எழுத்தில், கூடவே பிறந்த தேதி. உங்கள் பெயரும் வயதும் தெரிந்த யாருக்கும் முதல் பூட்டு திறக்கும், பான் கார்டு காப்பி கையில் இருப்பவருக்கு இரண்டாவதும் திறக்கும், ஆபீஸ்களில் இந்த இரண்டும் யாரிடம்தான் இல்லை. பிரின்ட் எடுக்கக் கூடாது, காப்பி செய்யக் கூடாது என்று போடும் தடை இதைவிட மெலிது. அது ரீடர் மென்பொருளிடம் வைக்கும் ஒரு வேண்டுகோள் மாதிரி, மதிக்கிற ரீடர் மதிக்கும், மதிக்காததும் உண்டு.

தமிழ் ஆவணங்களில் இந்த 'தெரிவது வேறு, இருப்பது வேறு' இன்னும் மோசம். பழைய அரசாணையோ சொசைட்டி பைலாவோ பிடிஎஃப்பாக வரும், திரையில் அழகான தமிழ், காப்பி எடுத்து வேர்டில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் அடித்தது, உள்ளே இருப்பது உண்மையிலேயே ஆங்கில எழுத்துகள், ஃபான்ட் மட்டும்தான் அதற்குத் தமிழ் வேஷம் போடுகிறது. யூனிகோடில் அடித்ததாவது உருப்படியாக வருமா என்றால், அதிலும் கொம்பு படுத்தும். பெ, பே, பை எல்லாவற்றிலும் குறி எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கிறதல்லவா, பல பிடிஎஃப்களில் கண்ணுக்குத் தெரியும் அதே வரிசையில் கொம்பு முதலில், எழுத்து பிறகு என்று பதிந்துவிடுகிறது. நீங்கள் கன்ட்ரோல் எஃப் போட்டு 'பெருந்துறை' என்று தேடினால், கண் முன்னே பெருந்துறை இருக்க, இல்லை என்று சொல்லும். இல்லை என்று வந்ததை நம்பி 'லிஸ்ட்டில் பெயர் இல்லை' என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள் பாருங்கள், அதுதான் வயிற்றெரிச்சல்.

இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு: கொம்பு வராத துண்டை மட்டும் தேடுங்கள். பெருந்துறைக்கு 'ருந்து' போதும். பெயர் இருந்தால் பக்கத்திலேயே கதவு எண்ணோ சர்வே நம்பரோ இருக்கும், எண்கள் பெரும்பாலும் ஒழுங்காகத் தேடக் கிடைக்கும். எதைத் தேடினாலும் கிடைக்கவில்லையென்றால் கன்ட்ரோல் ஏ அழுத்துங்கள். எழுத்துகள் மேல் வரிவரியாக நீலம் படர்ந்தால் உள்ளே எழுத்து இருக்கிறது, எதுவும் படராவிட்டால் அல்லது பக்கம் மொத்தமும் ஒரே கட்டமாக நீலமானால் அது ஸ்கேன் செய்த படம், அதில் தேடல் வேலை செய்யாது, கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

வெளி ஆட்களிடம் ஃபைல் போவது பற்றி. மெர்ஜ், கம்ப்ரஸ் என்று தேடினால் முதலில் வரும் இலவசத் தளத்தில் வாடிக்கையாளரின் மொத்த வரவு செலவையும் ஏற்றுவது பல ஆபீஸ்களில் பழக்கமாகிவிட்டது. இலவச ஃபைல் மாற்றும் தளங்களின் பெயரில் வைரஸ் பரப்புகிறார்கள், ஏற்றும் ஃபைலிலிருந்து விவரம் திருடுகிறார்கள் என்று அமெரிக்க எஃப்பிஐயின் டென்வர் அலுவலகம் 2025 மார்ச்சில் எச்சரித்தது. சேர்ப்பது, பிரிப்பது எல்லாம் பிடிஎஃப்சாம் பேசிக் என்ற இலவச மென்பொருளில் நம் கம்ப்யூட்டரிலேயே நடக்கும், நெட்டே வேண்டாம். சைஸ் பிரச்சினைக்கு ஸ்கேனரில் 600 டிபிஐ கலரை விட்டு 200 டிபிஐ க்ரே வைத்து எடுத்தாலே பாதிக்கு மேல் குறையும்.

அப்புறம் ஜெராக்ஸ் கடை. கடை நம்பருக்கு வாட்ஸ்அப்பில் ஆதாரை அனுப்பி பிரின்ட் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம், அது கடைக்காரரின் போனிலும் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலும் ஊர் ஆதார்களோடு சேர்ந்து கிடக்கும். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், கடைசி 4 எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள், பொது கம்ப்யூட்டரில் டவுன்லோடு செய்தால் அழித்துவிடுங்கள் என்று ஓர் அறிவிப்பு விட்டது. தவறாகப் புரிந்துகொள்வார்கள் என்று சொல்லி இரண்டே நாளில் அரசு அதைத் திரும்பப் பெற்றது. என்னைக் கேட்டால் அறிவிப்பில் சொன்னது நல்ல யோசனைதான், மாஸ்க்டு ஆதார் டவுன்லோடு செய்யும் வசதியும் தளத்தில் இருக்கிறது.

எந்த ரீடர் நல்லது என்று கேட்பவர்களுக்கு: வெறுமனே படிக்க, பழைய கம்ப்யூட்டரில் வேகமாகத் திறக்க, சுமத்ரா பிடிஎஃப் போதும். கையெழுத்து சரிபார்க்கவும் சில அரசு விண்ணப்பங்களை நிரப்பவும் அடோபி ரீடர் தேவை. கனடா விசா விண்ணப்பத்தை ப்ரவுசரில் திறந்துவிட்டு 'ப்ளீஸ் வெயிட்' என்று வருகிறதே என்று காத்திருப்பவர்கள் உண்டு, எவ்வளவு நேரம் காத்தாலும் வராது, சேவ் செய்து அடோபியில் திறக்க வேண்டும். இன்ஸ்டால் செய்யும்போது கூடவே வேறு எதையும் சேர்க்கவா என்று கேட்டால் டிக்கை எடுத்துவிடுங்கள். ப்ரிஃபரன்சஸில், கெட்ட ஃபைல் கம்ப்யூட்டரைத் தொடாமல் தடுக்கும் ப்ரொடெக்டட் மோடை அணைக்காதீர்கள், ஃபைலுக்குள் இருக்கும் குட்டி புரோகிராம்களை ஓட்டும் ஜாவாஸ்கிரிப்ட்டை மட்டும் அணைத்து வைத்து, ஏதாவது விண்ணப்பம் வேலை செய்யாவிட்டால் அப்போது போட்டுக்கொள்ளுங்கள். விண்டோஸில் ஃபைல் பெயரின் வால் (புள்ளிக்குப் பின் வரும் பிடிஎஃப், இஎக்ஸ்இ போன்ற பகுதி) தெரியும்படி வையுங்கள், இல்லையென்றால் 'இன்வாய்ஸ் பிடிஎஃப்' என்று வந்து நிற்பது, கிளிக் செய்ததும் ஓடும் இஎக்ஸ்இ புரோகிராமாக இருக்கலாம்.

பிரின்ட்டில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வந்தால் அடோபியின் பிரின்ட் பெட்டியில் அட்வான்ஸ்ட் பட்டனுக்குள் 'பிரின்ட் ஆஸ் இமேஜ்' டிக் செய்யுங்கள். ஸ்டாம்ப் பேப்பரில் ஒப்பந்தம் அடிக்கும்போது 'ஃபிட்' இருந்தால் பக்கம் சுருங்கி மேலே விட்ட இடம் மாறி, முதல் வரி முத்திரை மேல் ஏறிவிடும், 'ஆக்சுவல் சைஸ்' வையுங்கள். முதலில் சாதா தாளில் அடித்து, ஸ்டாம்ப் பேப்பர் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் அசல் தாளை மெஷினில் வையுங்கள்.