ஓலை ஏன் ஒடிந்தது?

மதுரையில் என்னிடம் ஒரு நாள் பனையோலைப் பயிற்சி முடித்துச் சென்ற ஒருவர், மூன்று மாதம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். வங்கி ஊழியர். அன்றைய வகுப்பில் அவர் முடைந்த பெட்டிதான் எல்லோருடையதையும்விட நேர்த்தியாக வந்திருந்தது. “வீட்டில் செய்து பார்க்கிறேன் மேடம், மடிக்கிற இடத்திலெல்லாம் ஓலை ஒடிகிறது” என்றார். ஓலை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். “வாங்கவில்லை. நாற்கரச் சாலை ஓரம் ஒரு பனைமரத்தடியில் விழுந்து கிடந்தது. நல்ல பெரிய ஓலை.”

அவர் எடுத்து வந்தது காவோலை. முற்றிக் காய்ந்து, மரமே வேண்டாம் என்று உதறிய ஓலை. அதை வைத்து வேலி அடைக்கலாம், அடுப்பெரிக்கலாம். பெட்டி முடைய முடியாது.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. தொலைபேசியை வைத்த பிறகு வெட்கம் வந்தது. ஆறு மணி நேரம் என் முன்னால் உட்கார்ந்திருந்த மனிதருக்குக் குருத்தோலைக்கும் காவோலைக்கும் வேறுபாடு தெரியாமல் அனுப்பியிருக்கிறேன். காரணம் எளிது. ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, பதமாக நனைத்து, ஈரத்துணியில் சுற்றிய ஓலைகளைத்தான் நான் அவர் கையில் கொடுத்தேன். அவை எங்கிருந்து வந்தன என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மாலை 4 மணிக்கு 20 பேர் 20 பெட்டிகளோடு நின்று படம் எடுத்துக்கொண்டோம். நல்ல வகுப்பு என்றுதான் அன்று நினைத்தேன்.

கைவினைப் பயிற்சிக்குப் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வார இறுதி வகுப்புகள் இப்போது ஊருக்கு ஊர் நடக்கின்றன. ஓலை, கோரை, வாழைநார், தக்களி நூற்பு, இயற்கைச் சாயம் என எதை வேண்டுமானாலும் ஒரு சனிக்கிழமையில் தொட்டுப் பார்த்துவிடலாம். இதை நான் குறை சொல்ல மாட்டேன். என் பிழைப்பும் அதில்தான் நடக்கிறது. ஆனால் பெரும்பாலான வகுப்புகள், அன்றைக்கு நான் செய்ததைப் போலவே, வேலையின் பின்பாதியை மட்டும் கற்றுத் தருகின்றன.

முன்பாதி என்ன என்பதைப் பனையை வைத்தே சொல்கிறேன். முடைவதற்கு வேண்டியது குருத்தோலை. இன்னும் விரியாமல், விசிறி மடித்தது போல் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் இளம் ஓலை அது. வடலி என்று சொல்லும் இளம் பனைகளில் தரையில் நின்றபடியே தொரட்டியால் வெட்டிவிடலாம். வெட்டுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. பனை மெதுவாக வளரும் மரம்; ஏறத்தாழ மாதத்துக்கு ஒன்று என்ற கணக்கில்தான் புது ஓலை விடும். வருகிற குருத்தையெல்லாம் வெட்டிக்கொண்டே இருந்தால் வடலி தேங்கிப்போகும். எனக்குக் கற்றுத் தந்த ஆச்சி ஒரு வடலியில் ஒன்றை எடுத்தால் அடுத்து வருகிற குருத்தைத் தொடவே விடமாட்டார்.

வெட்டிய குருத்தை விரித்து வெயிலில் போட்டால், இரண்டு மூன்று நாளில் பச்சை போய் வெளிர் மஞ்சளாகும். பிறகு ஒவ்வோர் இதழின் நடுவிலும் ஓடும் ஈர்க்கைக் கிழித்து எடுக்க வேண்டும். ஓர் இதழ் இரண்டு பட்டையாகும். அந்தப் பட்டையை வேண்டிய அகலத்துக்கு வார வேண்டும். ஆச்சிக்கு இதற்கு அளவுகோல் தேவையில்லை. கட்டைவிரல் நகம் போதும். நான் 14 ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன், இன்னும் கத்தியும் இரட்டை ஊசி அடித்த கட்டையும்தான் துணை. அகலம் ஒரு நூல் மாறினாலும் அடிப்பாகத்தில் தெரியாது. மூலையைத் திருப்பும்போதுதான் பெட்டி கோணிக்கொண்டு காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது நனைப்பு. புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஓலையின் நார்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. நீளவாக்கில் எவ்வளவு இழுத்தாலும் தாங்கும். காய்ந்த நிலையில் குறுக்கே மடித்தால் ஒடியும். அதனால்தான் தண்ணீர். சரி, நிறையவே நனைப்போம் என்று வாளியில் ஊறப்போட்டால் ஓலை உப்பிவிடும். அப்படியே முடைந்தால் ஈரத்தில் இறுக்கமாக இருந்த பெட்டி, இரண்டு நாள் காய்ந்ததும் சல்லடையாகிவிடும். தெளித்து, ஈரத்துணியில் சுற்றி, ஓரிரவு வைத்தால் பதம் வரும். பதம் வந்ததா என்று எப்படிப் பார்ப்பது? ஒரு முனையை விரலில் சுற்றிப் பாருங்கள். சத்தம் வந்தால் இன்னும் ஈரம் வேண்டும். விரலில் தண்ணீர் ஒட்டினால் ஈரம் அதிகம். வாழைநாரை நனைத்துப் பூத் தொடுத்துப் பழகியவர்களுக்கு இதை நான் சொல்லவே வேண்டியதில்லை. அவர்கள் விரலுக்கே தெரியும். என் வகுப்பில் மற்றவர்களுக்கு முன்னால் தேறுபவர்கள் அவர்கள்தான்.

ஒயர் கூடை பின்னியவர்களின் கதை வேறு. சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சு என்று விரல்கள் பாய்ந்து வேலை செய்யும், மூலைக் கணக்கும் உடனே பிடிபடும். ஆனால் ஒயரை இழுத்த பழக்கத்தில் ஓலையையும் இழுப்பார்கள். ஒயர் பொறுத்துக்கொள்ளும். ஓலை விளிம்பில் கிழியும்.

கோரைப் பாய்க்குப் பேர்போன திருநெல்வேலிப் பக்கத்துப் பத்தமடைக்குப் போனால் இந்த முன்பாதி இன்னும் நீளம். அங்கே நேர்த்தியான பாய்க்கு எடுக்கும் கோரையைத் தாமிரபரணியின் ஓடும் நீரில் ஏறத்தாழ ஒரு வாரம் ஊற வைத்து, காயவைத்து, மெல்லிய கீற்றுகளாகக் கீறி, பிறகுதான் தறிக்கே கொண்டுவருவார்கள். பட்டுப்போல் மடியும் பாய் அப்படித்தான் வருகிறது. இதில் ஒரு நாள் வகுப்பு என்றால் தறியில் நான்கு விரற்கடை நெய்து பார்க்கலாம், அவ்வளவுதான். அதுவும் நல்ல அனுபவம்தான். ‘பத்தமடைப் பாய் நெய்யக் கற்றுக்கொண்டேன்’ என்று மட்டும் சொல்லிக்கொள்ளக் கூடாது. பத்தமடைப் பாய்க்கும், செட்டிநாட்டுக் கொட்டான் என்கிற பனையோலைப் பெட்டிக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது; அந்தப் பெயர் அந்த ஊர்ப் பொருளுக்கு மட்டுமே உரியது. சென்னையில் ஒரு மண்டபத்தில் கற்று முடைந்த கொட்டானைச் செட்டிநாட்டுக் கொட்டான் என்று பெயர் ஒட்டி விற்றால் அது தவறு. இரண்டு மூன்று மாணவர்களிடம் இதை நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல நேர்ந்திருக்கிறது.

அந்த வங்கி ஊழியரின் அழைப்புக்குப் பிறகு வகுப்பை மாற்றினேன். இப்போது இரண்டு நாள். முதல் நாள் பெட்டி கிடையாது. குருத்தோலை, விரிந்த ஓலை, காவோலை மூன்றையும் எல்லோர் கையிலும் கொடுத்து மடிக்கச் சொல்கிறேன். ஒடிவது அவர்கள் கையிலேயே ஒடியட்டும். பிறகு ஈர்க்கு கிழித்தல், வார்தல். மாலைக்குள் ஒரு சாண் சதுரம் ஒன்று முடைந்தால் போதும். ‘ஒன்று எடு, ஒன்று விடு’ என்பதுதான் மொத்தப் பாடமும். இரண்டாம் நாள் மூலை.

கூட்டம் குறைந்தது. ஒரு நிறுவனம் தன் ஊழியர்களுக்கு 2 மணி நேரத்தில் ‘ஏதாவது கையில் எடுத்துப்போகிற மாதிரி’ நடத்தித் தரச் சொன்னது. கிலுகிலுப்பை செய்யக் கற்றுத்தருகிறேன், அதைப் பயிற்சி என்று சொல்லாதீர்கள், விளையாட்டு என்று சொல்லுங்கள் என்றேன். அவர்களுக்கு அது பிடிக்கவில்லை. கிலுகிலுப்பைக்கு என்ன குறை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

மூலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அடிப்பாகம் முடிந்ததும் இரண்டு பக்கத்து ஓலைகள் ஒன்றையொன்று குறுக்கிட்டு மேலே எழும்ப வேண்டும். தட்டையான ஒரு பொருள் அந்த இடத்தில்தான் பாத்திரமாகிறது. ஆச்சி அதைக் கண்மூடித் திறப்பதற்குள் செய்துவிடுவார். மெதுவாகச் செய்து காட்டுங்கள் என்றால் அவருக்கே கை குழம்பிவிடும். பிரித்துவிட்டு மறுபடி வேகமாகச் செய்வார், சரியாக வரும். ஐம்பது அறுபது ஆண்டுகளாக ஒரு வேலையைச் செய்த கைக்கு அதைச் சொல்லில் பிரித்துக் காட்டத் தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அதற்குத்தான் என்னைப் போன்றவர்கள். ஒரு விரல் அகலப் பட்டைகளை இரண்டு நிறத்தில் எடுத்து, எந்த நிறம் எதன்மேல் ஏறுகிறது என்று காட்டுவேன். ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து, நான் தவறும்போதெல்லாம் கையைத் தட்டிவிடுவார்.

ஆகவே ஒரு வகுப்பில் சேரும் முன் யார் கற்றுத்தருகிறார்கள் என்று கேளுங்கள். சில இடங்களில் ஊரிலிருந்து வந்த கைவினைஞர் ஓர் ஓரத்தில் பாயில் உட்கார்ந்து ‘செய்து காட்டுவார்’; ஒலிபெருக்கி வேறொருவர் கையில் இருக்கும். அறிவிப்பில் அவர் பெயர் இருக்காது. நீங்கள் கட்டிய பணத்தில் அவருக்கு எவ்வளவு போகிறது என்று கேட்பது அநாகரிகமில்லை. நான் என் வகுப்பில் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பயணச் செலவும் சாப்பாடும் தனி, மீதியில் பாதி அவருக்கு. வியாபாரியிடம் பெட்டிக்கு இவ்வளவு என்று எண்ணி வாங்கும் கூலியையே அவருடைய இரண்டு நாளுக்கும் அளவாக வைத்தால், அவர் வந்ததற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாம்.

ஓலையை எந்த நிலையில் தருவார்கள், வகுப்பு முடிந்த பிறகு எங்கே ஓலை கிடைக்கும் என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், உங்கள் கலை அந்த மண்டபத்தின் வாசலோடு முடிந்துவிடும். மாதத்தையும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் குருத்து காயாது. காயாத ஓலையில் முடைந்த பெட்டிக்கு ஒரே வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். தை பிறந்த பிறகு வைத்துக்கொள்வதுதான் நல்லது.

சாயத்தில்தான் எனக்கு உண்மையான பயம். கடைகளில் கிடைக்கும் வண்ண ஓலையில் பெரும்பகுதி செயற்கைச் சாயப்பொடியில் கொதிக்க வைத்தது. அதில் பலகாரம், சூடான சோறு வைக்காதீர்கள். சாப்பாட்டுக்குச் சாயம் போடாத வெள்ளை ஓலைதான் சரி. வகுப்பில் சாயம் போடச் சொன்னால் கையுறை தருகிறார்களா, பொடியைக் கரைக்கும்போது மூக்கை மூட ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் செய்வதென்றால் சாயத்துக்கென்று ஒரு பழைய பாத்திரத்தை ஒதுக்குங்கள், அது திரும்பவும் சமையலறைக்கு வரக்கூடாது. ‘இயற்கைச் சாயம்தானே’ என்ற துணிச்சலும் வேண்டாம். கடுக்காயும் மஞ்சளும் சாதுவானவைதாம். சாயம் நிற்பதற்காகச் சேர்க்கும் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) நச்சுப்பொருள். சிலர் அதைக் குழந்தைகள் இருக்கும் அறையில் திறந்து வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். தொடங்குபவர்களுக்குப் படிகாரம் போதும். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: மஞ்சள் கொடுக்கும் நிறம் வெயில் பட்டால் சீக்கிரம் போய்விடும், யார் என்ன உத்தரவாதம் கொடுத்தாலும்.

உடம்பையும் கவனியுங்கள். ஓலை விளிம்பு காகிதத்தைப் போல் சத்தமில்லாமல் வெட்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அந்தச் சிறு கீறலையும் உடனே கழுவிக் கட்டிக்கொள்ள வேண்டும். பெட்டியைக் கால்விரலால் அழுத்திப் பிடிப்பது ஊர் வழக்கம்; பாதம் மரத்துப்போகிறவர்கள் அதைச் செய்யாதீர்கள், மடியில் பலகை வைத்துக்கொள்ளுங்கள். மட்டையோடு ஓலை வந்தால் அதன் ஓரத்தில் இருக்கும் பல் பல்லான கருக்கு ரம்பம்தான், முதலில் அதைச் சீவிவிட வேண்டும். தரையில் உட்கார முடியாதவர்கள் மேசையில் செய்யலாம். ஆச்சிக்கு அது பிடிக்காது, ஆனால் பெட்டிக்கு வித்தியாசம் தெரியாது.

வகுப்பு முடிந்த ஒரு வாரத்துக்குள் இரண்டாவது பெட்டியைத் தொடங்கிவிடுங்கள். கை மறப்பதற்கு அதிக நாள் ஆகாது. அது கோணலாகத்தான் வரும். தமிழக அரசின் பூம்புகார் கைவினைப்பொருள் விற்பனை நிலையத்தில் அடுக்கி வைத்திருக்கும் பெட்டிகளோடு அதை ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள். அவற்றை முடைந்தவர்கள் பலர் சிறுவயதிலிருந்தே ஓலை கிழித்தவர்கள்.

அந்த வங்கி ஊழியர் மாற்றிய வகுப்புக்கு மறுபடி வந்தார், இந்த முறை கட்டணம் வாங்கவில்லை. போன மாதம் மீண்டும் அழைத்தார். சொந்த ஊரில் ஒரு வடலியிலிருந்து குருத்து எடுத்து, காயவைத்து, தானே வார்ந்திருக்கிறார். ஓலை ஒடியவில்லையாம். நான்காவது மூலை மட்டும் சேரவில்லை. முதல் மூலையில் ஓர் ஓலையைத் தவறவிட்டிருப்பீர்கள், அதுவரை பிரியுங்கள் என்றேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சே இல்லை. “மொத்தத்தையுமா?” என்று கேட்டார்.

மொத்தத்தையும்தான்.