ஒற்றைப் புள்ளியில் நின்றுபோன கடிதம்

சர்வர் பராமரிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “தினமும் இரவில் ஒரு லாக் கோப்பை, அதாவது சர்வரின் நிகழ்வுப் பதிவை, சென்ட்மெயில் என்ற அஞ்சல் அனுப்பும் கட்டளைக்குக் கொடுத்து எனக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்கிறேன். நேற்று பாதிதான் வந்தது. பிழைச் செய்தியும் இல்லை. மீதி எங்கே போனது?”

கடிதம் எந்த வரியோடு நின்றதோ, மூலக் கோப்பில் அதற்கு அடுத்த வரியைப் பாருங்கள். பெரும்பாலும் அதில் ஒரே ஒரு புள்ளிதான் இருக்கும்.

யூனிக்ஸ் இயங்குதளத்தில் மெயில் கட்டளை 1971-லேயே உண்டு. ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்பவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ள வந்தது அது. இன்று வெளியூருக்குப் போகும் கடிதத்தை அது சென்ட்மெயிலிடம் ஒப்படைத்துவிடும். அதற்குப் பதிலாக போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் மென்பொருளை நிறுவியிருந்தாலும் அதே பெயரில் ஒரு கட்டளை இருக்கும். அங்கிருந்து பெறுநரின் டொமைனுக்கு (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயருக்கு) அஞ்சல் வாங்கும் கணினி எது என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவைத் தேடி, அந்தக் கணினியின் 25-ஆம் போர்ட்டை, அதாவது அஞ்சலுக்கான வாசலை, தட்ட வேண்டும். ஹெலோ, யாரிடமிருந்து, யாருக்கு என்று வரிசையாகச் சொன்னால் ஒவ்வொன்றுக்கும் 250, அதாவது ‘சரி’ என்று பதில் வரும். அப்புறம் ‘டேட்டா’ என்றதும் 354 வரும்: கடிதத்தை அனுப்பு, தனிப் புள்ளி வைத்து முடி.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இந்தப் புள்ளிதான். கடிதம் எவ்வளவு நீளம் என்று இங்கே யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வரி வரியாக வந்துகொண்டே இருக்கும்; முடிவுக்கு ஓர் அடையாளம் வேண்டும். ஆனால் எந்த அடையாளத்தை வைத்தாலும் அதுவே கடிதத்துக்குள்ளும் வந்துவிடலாமே?

1982 ஆகஸ்டில் கணினி விஞ்ஞானி ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 821 என்ற இணைய விதிமுறை ஆவணம் இதற்கு ஒரு வழி சொன்னது. அனுப்பும் கணினி ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தை மட்டும் பார்க்கும். அது புள்ளி என்றால் முன்னால் இன்னொரு புள்ளியைச் சேர்க்கும். எனவே கடிதத்துக்குள் இருக்கும் தனிப் புள்ளி இரண்டு புள்ளியாகத்தான் கம்பியில் போகும். பெறும் கணினிக்குத் தனிப் புள்ளி வந்தால் கடிதம் முடிந்தது. புள்ளியில் தொடங்கி மேலும் எழுத்து இருந்தால் முதல் புள்ளியைக் கழற்றிவிடும். மூன்று புள்ளி உள்ள வரி நான்காகப் போய் மூன்றாகவே சேரும். முழுக் கடிதத்தையும் நினைவில் வைக்கத் தேவையில்லை, எந்த எழுத்தையும் தடை செய்ய வேண்டியதில்லை. இதைவிடச் சிக்கனமான தீர்வு எனக்குத் தெரிந்து இல்லை.

இந்த விதிமுறை பிறந்தது பொதுப்பணத்தில் நடந்த ஆய்வில். ஆவணத்தை யாரும் படிக்கலாம், யாரும் நிரல் எழுதலாம் என்று விட்டதால்தான் உலகம் முழுக்க ஒரே அஞ்சல் கிடைத்தது. மக்கள் பணத்தில் பிறக்கும் ஆய்வெல்லாம் இப்படித் திறந்தே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, அப்படியானால் வாசகரின் கடிதம் ஏன் அறுந்தது? புள்ளி சேர்க்கும் வேலை கடிதம் வலையில் ஏறும்போதுதான் நடக்கிறது. அதற்கு முன்பே, கோப்பை வாங்கும் வாசலில், சென்ட்மெயில் தனிப் புள்ளியைக் கண்டதும் கடிதம் முடிந்ததாக எடுத்துக்கொள்கிறது. விசைப்பலகையில் தட்டி எழுதுபவர் முடிப்பதற்காக வந்த வழக்கம் அது. கட்டளையோடு ஒரு சிறு கோடும் ஐ என்ற ஆங்கிலச் சிறிய எழுத்தும் சேர்த்தால், உள்ளே வரும் புள்ளியைச் சாதாரண வரியாகவே எடுத்துக்கொள்ளும். லாக் கோப்பு இன்னும் சர்வரில் இருந்தால் நேற்றைய கடிதத்தையும் முழுதாக அனுப்பிப் பார்க்கலாம்.