இருக்கிற பெயரை இல்லை என்ற கணினி

மதுரையில் ஒரு நெசவாளர் சங்க அலுவலகம். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டே நகம் தேய்ந்த ஓர் அம்மா, தன் சேமிப்புப் பணத்துக்காக மூன்றாவது முறையாக வந்திருந்தார். கணினியில் பெயரைத் தட்டிப் பார்த்தவர் முன்பு இரண்டு முறை சொன்னதையே சொன்னார்: பட்டியலில் இல்லை. அம்மா பையிலிருந்து பாஸ்புக்கை எடுத்து நீட்டினார். "இதோ இருக்கிறதே தம்பி, நீங்கள் அச்சடித்துக் கொடுத்ததுதானே?" அதே கணினி அச்சடித்த பெயர்தான். அந்த மென்பொருளைப் பராமரிக்கிறவன் நான். வேறு வேலையாக அங்கே போயிருந்த எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அவர் பெயர் 'சௌ' என்று தொடங்கும். சௌராஷ்டிர மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் ஊரில் இந்த எழுத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் கணினிக்குள் அதை எழுத இரண்டு வழிகள் புழங்குகின்றன. அவற்றில் ஒன்று தவறு. பாருங்கள்: சௌ, செள. உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் கொடுக்கும் பொதுமுறைதான் யூனிகோடு. முதலாவதில் 'ச'வுக்குப் பின் ஔகாரக் குறி, அதாவது யூனிகோடு எண் 3020, ஒன்றே ஒன்று இருக்கிறது. இரண்டாவதில் 'ச'வும் ஒற்றைக்கொம்பும் (3014), அதன் பின் பள்ளத்துக்கும் வெள்ளத்துக்கும் நாம் எழுதுகிற அதே 'ள'வும் (2995) இருக்கின்றன. பல எழுத்துருக்களில் கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. எண்களை ஒப்பிடும் கணினிக்கோ இரண்டும் வேறு வேறு சொற்கள்.

தட்டச்சு செய்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை. தமிழ்த் தட்டச்சுப்பொறியில் கொம்பு, மெய், 'ள' என்று அடித்துத்தான் 'சௌ' வரும். பயிலகத்தில் அப்படிப் பழகிய விரல்கள் கணினியிலும் அதையே செய்தன. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள் பலவும் இந்தப் பழக்கத்தையே பின்பற்றின. சங்கத்தின் பழைய பதிவேடு அப்படி ஓர் எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்டது. இப்போது தேடியவரோ புதிய விசைப்பலகை முறையில் சரியான ஔகாரத்தை இட்டார். சரியாக அடித்தவருக்குத்தான் பெயர் கிடைக்கவில்லை.

இந்தக் குழப்பம் எதிர்த்திசையிலும் நடக்கும். சில எழுத்துரு மாற்றிகள் கொம்பையும் 'ள'வையும் எங்கே சேர்த்துக் கண்டாலும் ஔகாரமாக்கிவிடும். இணையத்தில் 'வௌியீடு', 'வௌ்ளி' என்று கோணலாகத் தெரியும் சொற்கள் அப்படிப் பிறந்தவைதாம். ஒருமுறை நானும் ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் மாற்றி, ஒரு கடையின் சரக்குப் பட்டியலில் வெள்ளிக் கொலுசுகளை எல்லாம் சிதைத்திருக்கிறேன்.

பிரெஞ்சு மொழியில் தலையில் சாய்கோடு ஏந்திய எழுத்துகளிலும் இதைப் போன்ற ஒரு சிக்கல் உண்டு. எழுத்தும் கோடும் ஒரே எண்ணாகவும் இருக்கலாம், இரண்டு எண்களாகவும் இருக்கலாம். ஆனால் இரண்டும் ஒன்றே என்று யூனிகோடு விதியே சொல்கிறது. சமமான வடிவங்களை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் என்எஃப்சி என்ற இயல்பாக்கத்தைச் செய்தால் ஒன்றாகிவிடும். நம் 'கொ'வும் அப்படித்தான்: 3018 என்ற ஒரே குறியாகவும் வரும், 3014, 3006 என்று கொம்பும் காலுமாகப் பிரிந்தும் வரும், இயல்பாக்கினால் தீர்ந்தது. 'ள'வுக்கு அந்தச் சலுகை இல்லை. ஔகாரத்தின் பின்பாதிக்கென்று 'ள' போலவே தோன்றும் தனிக் குறி ஒன்று யூனிகோடில் உண்டு, எண் 3031. கொம்போடு அது வந்தால் 3020க்குச் சமம். உண்மையான 'ள' வந்தால் சமமில்லை. அதனால் 'இயல்பாக்கிவிட்டோம், கவலை வேண்டாம்' என்று சொல்லும் நிரலாளரை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

எழுத்து என்றால் என்ன என்பதிலேயே மென்பொருளுக்கும் நமக்கும் ஒத்துவருவதில்லை. மீனாட்சி என்பதைப் பள்ளிப் பிள்ளை நான்கு எழுத்து என்று எண்ணும். யூனிகோடு கணக்கில் எட்டு. அந்த எண்களைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் அது பிடிக்கும் இடம் 24 பைட். பெயருக்கு 20 பைட் ஒதுக்கிய நிரலில் மீனாட்சியே முழுதாக அடங்க மாட்டாள். தகப்பனார் பெயர் கோபால் என்றால் தலைப்பெழுத்து 'கோ.' என்று வர வேண்டும். முதல் குறியை மட்டும் வெட்டும் நிரல் 'க.' என்று அச்சடிக்கும். பைத்தான் என்ற நிரல் மொழியில் 'எல்லாம் எழுத்துதானா' என்று சோதிக்கும் கட்டளையிடம் 'மதுரை'யைக் கொடுத்தால் இல்லை என்கிறது, உகரக் குறியும் ஐகாரக் குறியும் அதன் கணக்கில் எழுத்துகள் அல்ல என்பதால். பெயரைச் சரியாக எழுதியும் 'எழுத்துகளை மட்டும் இடவும்' என்று படிவம் கடிந்துகொண்டால், பிழை உங்களுடையதாக இல்லாமலும் இருக்கலாம்.

உங்கள் பெயரில் ஔகாரம் இருந்தால் ஒரு சோதனை. பெயரைப் புதிதாகத் தட்டாமல், கோப்பில் உள்ளதையே நகலெடுத்து ஒட்டுங்கள். அந்த எழுத்துக்குப் பின் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒருமுறை தட்டுங்கள். 'ச' மட்டும் மிஞ்சினால் பெரும்பாலும் சரியான வடிவம். 'செ' மிஞ்சினால் பெரும்பாலும் உள்ளே 'ள' உட்கார்ந்திருக்கிறது.

சங்கத்தின் மென்பொருளில், சேமித்த பெயர்களில் நான் கைவைக்கவில்லை. தேடலுக்கென்று தனியாக ஒரு நகல் வைத்தேன். அதில் 3020ஐ எங்கே கண்டாலும் கொம்பும் 'ள'வுமாகப் பிரித்துவிடுவேன், 3031ஐக் கண்டால் 'ள'வாக மாற்றிவிடுவேன். தேடும் சொல்லுக்கும் அதே வைத்தியம். தவறான வடிவத்தை நோக்கி எல்லாவற்றையும் திருப்புவது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் அந்தத் திசையில் வெள்ளி சிதையாது. சேமித்த பெயரைத் திருத்துவதை, பாஸ்புக்கைப் பார்த்து ஓர் ஆள் உறுதிசெய்த பிறகே அனுமதிக்கிறேன்.

அம்மாவுக்கு அன்றே பணம் கிடைத்தது. சங்கம் முன்பே வெளியே அனுப்பிய பட்டியல்களில் அவர் இன்னும் 'ள'வோடுதான் இருக்கிறார். அந்தக் கணினிகளுக்குள் நான் நுழைய முடியாது. பாஸ்புக்கைக் கையோடு வைத்திருங்கள் அம்மா என்று சொல்லி அனுப்பினேன்.