உலகுக்குப் பதில் 'பார்' என்றால் குறள் ஏன் உடைகிறது?

அகர முதல எழுத்தெல்லாம் ஆதி
பகவன் முதற்றே உலகு

இதில் கடைசிச் சொல்லை மட்டும் எடுத்துவிட்டு 'பகவன் முதற்றே பார்' என்று படித்துப் பாருங்கள். பொருள் மாறவில்லை. எதுகை அப்படியே இருக்கிறது. பகவன், பார் என்று மோனைகூடக் கூடுதலாகக் கிடைக்கிறது. ஆனால் குறளின் பாவகையான வெண்பா போய்விட்டது.

குற்றம் சொல்லில் இல்லை, இரண்டு சொற்கள் ஒட்டும் இடத்தில் இருக்கிறது. சொல்லை ஒலித்துண்டுகளாகப் பிரித்தால் அவை அசைகள்; அசைகள் சேர்ந்தால் சீர். தனிக்குறிலோ நெடிலோ வந்தால் நேரசை. இரு குறிலோ, குறிலை அடுத்து நெடிலோ இணைந்து வந்தால் நிரையசை. பின்னால் வரும் மெய்யெழுத்து அசையை மூடும், அவ்வளவுதான். 'முதற்றே' என்பது முதற் + றே, அதாவது நிரை நேர். இந்த அமைப்புக்கு இலக்கணம் வைத்த அடையாளப் பெயர், அதாவது வாய்பாடு, புளிமா. இப்படி நேரில் முடியும் ஈரசைச் சீர் மாச்சீர். வெண்பாவில் மாச்சீரை அடுத்து நிரைதான் வர வேண்டும். 'உலகு' நிரையில் தொடங்குகிறது, 'பார்' நேர். சீரும் சீரும் இணையும் கட்டான தளை தட்டிவிட்டது.

'பார்' வேண்டும் என்று அடம்பிடித்தால் வழி உண்டு: 'பகவன் முதலாகும் பார்'. முதலாகும் என்பது நிரை நேர் நேர், வாய்பாட்டில் புளிமாங்காய். நேரில் முடியும் இத்தகைய மூவசைச் சீர் காய்ச்சீர், அதற்குப் பின் நேர் வரலாம். இலக்கணம் சரி. அழகு போனதற்கு நான் பொறுப்பல்ல.

வேடிக்கை என்னவென்றால், வெண்பா வாசலிலேயே நிறுத்திய அந்த 'மா முன் நேர்' ஆசிரியப்பா என்ற இன்னொரு பாவகைக்குச் சொந்தப் பிள்ளை. அங்கே நேரை நேர் தொடர்வதும் நிரையை நிரை தொடர்வதும்தான் இயல்பு. மற்றத் தளைகள் கலந்தாலும் சண்டை இல்லை. அடி எண்ணிக்கைக்கும் மேல்வரம்பு கிடையாது. வெண்பாவின் ஓசையைச் செப்பல் என்றும் இதன் ஓசையை அகவல் என்றும் பிரித்தது இதனால்தான். 13 முதல் 31 அடி வரை நீளும் அகநானூற்றுப் பாடல்கள் இந்தத் தாராளத்தில் பிறந்தவை. மற்ற இரண்டு பாவகைகளில் கலிப்பாவின் ஓசை துள்ளும், வஞ்சிப்பாவின் ஓசை தூங்கும். இன்று இரண்டையும் எழுதுபவர்கள் அரிது.

விருத்தம் என்ற நான்கடிப் பாட்டின் கணக்கே வேறு. முதல் அடியில் எத்தனை சீரோ, நான்கு அடியிலும் அத்தனை. அந்த ஓசையே திரும்பத் திரும்ப வருவதால்தான் கம்பன் பாட்டை ராகம் போட்டு இழுத்துப் பாட முடிகிறது.

ஆங்கிலச் சானெட் 14 அடிக்குள் அழுத்தம் விழும் இடங்களைக் கணக்கிடுகிறது. ஜப்பானிய ஹைக்கூ ஒலியலகுகளை எண்ணுகிறது: 5, 7, 5 என மொத்தம் 17. பாரதி 1916-இல் அதைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தினார். பிற்காலத்தில் தமிழில் ஹைக்கூ எழுதியவர்களில் பெரும்பாலோர் மூன்று வரியை வைத்துக்கொண்டு 17-ஐ விட்டுவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. எழுத்தை எண்ணிக் கட்டும் கட்டளைக் கலித்துறை நம்மிடமும் உண்டு: நேரசையில் தொடங்கினால் அடிக்கு 16, நிரையில் தொடங்கினால் 17, ஒற்றுகள், அதாவது மெய்யெழுத்துகள், கணக்கில் சேராது.