ஏலியாஸ் எங்கே தொலைகிறது?

"அண்ணே, கடையில உக்காந்து அடிச்சா ஓடுது. திருநகர் வீட்டுல இருந்து எஸ்எஸ்ஹெச்-ல போனா 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்'னு வருது. ராத்திரி கிரான்லயும் ஓடலை." மதுரை சிம்மக்கல்லில் ஒரு மொத்தக் கடையின் உபுண்டு (லினக்ஸ்) சர்வரைப் பார்த்துக்கொள்கிற தம்பியின் கேள்வி இது. எஸ்எஸ்ஹெச் என்பது தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி; கிரான், குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டுவது. கடைக் கணக்கைத் தேதிவாரியாக நகலெடுக்கும் நீளமான கட்டளைக்கு 'நகல்' என்று ஏலியாஸ், அதாவது சுருக்கப் பெயர், வைத்திருக்கிறான்.

ஏலியாஸ் தனி நிரல் அல்ல. வட்டில் அந்தப் பெயரில் கோப்பு எதுவும் இருக்காது. நம் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் நிரலான பாஷ், நாம் அடித்த வரியைப் படிக்கும்போதே முதல் சொல்லைத் தன் பட்டியலில் தேடுகிறது. இருந்தால் அதை எடுத்துவிட்டு முழுக் கட்டளையை அங்கே வைக்கிறது. ஓட்டுவதெல்லாம் அப்புறம்தான். இந்தப் பட்டியல் ஒவ்வொரு ஷெல்லின் நினைவகத்திலும் தனித்தனியாக இருப்பது. ஷெல்லை மூடினால் போச்சு. அதனால் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு கோப்பிலிருந்து ஏற்றியாக வேண்டும்.

எந்தக் கோப்பு என்பதில்தான் சிக்கல். டெர்மினல் ஜன்னலைத் திறந்தால் பாஷ் படிப்பது பாஷ்ஆர்சி (.bashrc) என்ற அமைப்புக் கோப்பு. எஸ்எஸ்ஹெச்-இல் நுழைந்தால் கிடைப்பது லாகின் ஷெல், அதாவது உள்நுழையும்போது தொடங்கும் ஷெல். அது பாஷ்-ப்ரொஃபைல், பாஷ்-லாகின், ப்ரொஃபைல் என்ற வரிசையில் தேடி, முதலில் அகப்படுவதை மட்டும் படிக்கும். உபுண்டுவில் ப்ரொஃபைல் கோப்பே பாஷ்ஆர்சியை அழைத்துவிடும். ஆனால் இடையில் யாரோ பாஷ்-ப்ரொஃபைல் ஒன்றை உருவாக்கிவிட்டால் ப்ரொஃபைல் வரை பாஷ் போகவே போகாது. அந்தப் புதுக் கோப்பில் பாஷ்ஆர்சியை சோர்ஸ் செய்யும் (அதைப் படித்து அந்த ஷெல்லிலேயே ஓட்டும்) ஒரு வரி சேர்த்தால் சரி.

கிரான் கதை வேறு. அது பாஷ்ஆர்சியைப் படிப்பதில்லை; கட்டளைகளை வரிசையாக எழுதி வைக்கும் ஸ்கிரிப்டுக்குள்ளும் பாஷ் வழக்கமாக ஏலியாஸை விரிப்பதில்லை. விரிக்க வைக்க வழி உண்டு, நான் பரிந்துரைக்க மாட்டேன். ராத்திரி ஆளில்லாமல் ஓட வேண்டிய கட்டளையை ஸ்கிரிப்டில் முழுசாகவே எழுதுங்கள். நிர்வாகி உரிமையோடு ஓட்டும் சூடோவுக்குப் பின்னால் ஏலியாஸ் ஓடாததற்கும் முதல் சொல் விதிதான் காரணம்; அங்கே முதல் சொல் சூடோ.

இதையெல்லாம் விட எனக்குக் கவலை தருவது, பிழைச்செய்தியே காட்டாத கோளாறு. ஏலியாஸை இரட்டை மேற்கோளுக்குள் எழுதி, அதில் இன்றைய தேதியைத் தரும் டேட் கட்டளையையும் டாலர் குறியோடு சேர்த்தால், பாஷ்ஆர்சியைப் படிக்கும் நொடியிலேயே அது தேதியாக மாறி உறைந்துவிடும். ஜன்னல் ஒரு வாரம் திறந்தே கிடந்தால், அந்த வாரத்து நகல்கள் அத்தனையும் ஒரே தேதியிட்ட ஃபோல்டருக்குள் ஒன்றின் மேல் ஒன்றாக விழும். கடைக்காரருக்குத் திங்கட்கிழமைக் கணக்கு தேவைப்படும் அன்றுதான் விஷயம் தெரியவரும். ஒற்றை மேற்கோள் போட்டால் டேட் அப்படியே இருந்து, ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் அன்றைய தேதியைத் தரும்.

எதையும் திருத்துவதற்கு முன்னால் 'டைப் நகல்' என்று அடித்துப் பாருங்கள். அந்தப் பெயர் ஏலியாஸா, ஃபங்ஷனா, வட்டிலுள்ள நிரலா என்று பாஷே சொல்லும். ஏலியாஸ் என்றால் அது விரியும் வரியையும் காட்டும். அந்த வரியில் பழைய தேதி தெரிந்தால் மேற்கோளை மாற்றி, பாஷ்ஆர்சியை மறுபடி சோர்ஸ் செய்து, இன்னொரு தடவை டைப் கொடுங்கள். இப்போது தேதி இருந்த இடத்தில் டேட் கட்டளை தெரிய வேண்டும்.