லிங்க் முறையில் அப்கிரேட் செய்தபின் பழைய கோப்புறை பேக்கப் அல்ல

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் 13-ஆம் பதிப்புக்கான ஆதரவு 2025 நவம்பரில் முடிந்ததிலிருந்து, அவசரமாக 17-க்கோ 18-க்கோ தாவியவர்களிடமிருந்து வரும் அழைப்புகள் கூடிவிட்டன. ஒவ்வொரு மேஜர் பதிப்புக்கும் ஐந்தாண்டு ஆதரவு என்பதும், அது எந்த மாதம் முடியும் என்பதும் முன்கூட்டியே தெரிந்தவைதான். அப்படியிருந்தும் ஏன் இந்த அவசரம் என்று கேட்பதை நான் நிறுத்திவிட்டேன். ஆனால் “புதியது மெதுவாக இருந்தது, பழைய பதிப்புக்கே திரும்பினோம், இப்போது அதுவும் பிழை காட்டுகிறது” என்று அண்மையில் இன்னொரு நிறுவனமும் சொன்னபிறகு, இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

பழைய பதிப்பின் தரவுத்தளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றித்தரும் பிஜி_அப்கிரேட் கருவியை லிங்க் தெரிவோடு ஓட்டினால் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடுகிறது, பழைய கோப்புறையும் முழு அளவோடு அப்படியே இருப்பதுபோல் தெரிகிறது. அது தோற்றம் மட்டுமே. அங்கே எதுவும் நகலெடுக்கப்படவில்லை. ஒரே வீட்டுக்கு இரண்டு வாசல் வைத்ததுபோல, ஒரே கோப்புக்கு இரண்டு இடங்களில் பெயர் கொடுக்கப்பட்டிருக்கிறது. சந்தேகமிருந்தால் வட்டில் மிச்சமுள்ள இடத்தைப் பாருங்கள், அது ஏறக்குறைய குறைந்தே இருக்காது. புதிய சர்வர் ஒருமுறை தொடங்கிவிட்டால் அது எழுதுவதெல்லாம் பழைய சர்வரின் கோப்புகளிலும்தான் விழுகிறது. அதன்பின் பழையதைத் தொடங்குவது பாதுகாப்பானதல்ல. இதைத் தடுக்கத்தான் அந்தக் கருவியே சர்வர் தொடங்கத் தேவையான பழைய பிஜி_கன்ட்ரோல் கோப்பின் பெயரில் ‘ஓல்ட்’ என்று ஒட்டிவைக்கிறது. புதிய சர்வரைத் தொடங்கவேயில்லை என்றால் மட்டுமே அந்த ஒட்டை நீக்கலாம். அதைப் பூட்டு என்று உணராமல் நீக்கிவிட்டு, சர்வர் ஓடுகிறதே என்று மகிழ்ந்தவர்களின் தரவுத்தளங்களைத்தான் நான் பிறகு பார்க்க நேர்கிறது.

இதில் கூடுதல் வேதனை என்னவென்றால், திரும்புவதற்கான காரணமே பெரும்பாலும் பொய்யானது. 17 வரையிலான பதிப்புகளில் இக்கருவி, தரவைத் தேடும் வழியைத் தேர்ந்தெடுக்கும் பிளானருக்கான புள்ளிவிவரங்களைக் கொண்டுவருவதில்லை. 18-தான் அவற்றில் பெரும்பகுதியை முதன்முதலாகக் கொண்டுவருகிறது. புள்ளிவிவரமற்ற பிளானர் தவறான வழியைத் தேர்ந்தால் அது பதிப்பின் குற்றமா? அவற்றைப் புதிதாகத் திரட்டும் அனலைஸ் கட்டளையை ஓட்டியிருந்தால் தீர்ந்திருக்கும்.

இயங்குதளத்தையும் அதே இரவில் மாற்றுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2018-இல் வந்த ஜிலிப்சி 2.28 (லினக்ஸின் அடிப்படை நூலகம்) எழுத்துகளின் வரிசைமுறையை மாற்றியது. ரெட்ஹேட் 7-இலிருந்து 8-க்கோ டெபியன் 9-இலிருந்து 10-க்கோ போகும்போது உரை உள்ள நெடுவரிசைகளின் இண்டெக்ஸ்களை (தேடலை விரைவாக்கும் அகரவரிசைப் பட்டியல்களை) ரீஇண்டெக்ஸ் செய்து மீண்டும் கட்டாவிட்டால், இருக்கும் பதிவே தேடலில் அகப்படாமல் போகலாம், ஒரே மதிப்பை இருமுறை அனுமதிக்காத யூனிக் இண்டெக்ஸிலும் இரட்டைப் பதிவுகள் நுழையலாம்.

ஆகவே தயவுசெய்து, முதலில் பேக்கப்பை வேறொரு இயந்திரத்தில் மீட்டெடுத்து, அங்கேயே முழு அப்கிரேடையும் ஒத்திகை பாருங்கள். எதையும் மாற்றாமல் பொருத்தத்தை மட்டும் சோதிக்கும் செக் தெரிவோடு ஓட்டாமல் உண்மையான அப்கிரேடைத் தொடாதீர்கள். போஸ்ட்ஜிஐஎஸ் போன்ற எக்ஸ்டென்ஷன்கள் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்கள்) புதிய பதிப்புக்கும் நிறுவப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இடமிருந்தால் நகல் முறையையும், எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையில் ரீஃப்லிங்க் வசதி (மாறும் பகுதிகளை மட்டும் தனியாக எழுதும் நகல்) இருந்தால் குளோன் முறையையும் பயன்படுத்துங்கள்; இவ்விரண்டிலும் பழைய கோப்புகள் தீண்டப்படுவதில்லை. எந்த முறையானாலும், திரும்புவதா வேண்டாமா என்பதைச் செயலியை இணைப்பதற்கு முன்பே முடிவுசெய்யுங்கள். வாடிக்கையாளர் ஆர்டர்கள் புதியதில் விழத் தொடங்கியபின் பழையதற்குப் போனால், இடையில் வந்தவற்றை நீங்கள்தான் கையால் சேர்க்க வேண்டியிருக்கும்.